அத்தையின் பலகைக்கு ஒரு பூச்சு

என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, இவர் ஒரு சாமான் வாங்கி முடிப்பதற்குள் அந்தச் சாமானுக்கே வயதாகிவிடும். எங்கள் வீட்டுக்கு மிக்சி வந்த கதையைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பழைய மிக்சி புகைவிட்டு அடங்கிய பிறகும், புதியதன் மோட்டார் எப்படி, ஜாரின் கைப்பிடி எங்கே விரிசல் விடும், வாங்கியவர்கள் என்னென்ன சொல்லி அழுதிருக்கிறார்கள் என்று கைபேசியில் படித்துக்கொண்டே இருந்தார். அதுவரை நான் பக்கத்து வீட்டு மிக்சியில் அரைத்தேன். கடைசியில் அந்த வீட்டுக்காரி என் தலையைப் பார்த்தாலே மிக்சியை எடுத்து வெளியே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

ஆகவே, அத்தை படம் வரைந்த பலகைக்கு மேலே பூச நிறமில்லாத கிளியர் வார்னிஷ் ஒன்று வாங்கவேண்டும் என்ற பேச்சு எழுந்ததுமே நான் காலண்டரைப் பார்த்தேன்.

அத்தை என்றால் இவருடைய அம்மா. தையல் கடை வைத்திருந்தவர். துணியை மேசையில் விரித்து, அளவுகோல் வைக்காமல், சாக்குக்கட்டியால் ஒரே இழுப்பில் கோடு போடுவார். கத்திரி அந்தக் கோட்டைவிட்டு நூலளவும் விலகாது. அந்த வலது கையைத்தான் பக்கவாதம் பிடித்துக்கொண்டது. காலும் பேச்சும் சீக்கிரமே தேறிவிட்டன. கை மட்டும் கோபித்துக்கொண்டு வந்த மாப்பிள்ளை மாதிரி முறுக்கிக்கொண்டே இருந்தது. வெளியில் போகும்போதெல்லாம் அத்தை அதை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வார். கடைக்கு வந்த பழைய வாடிக்கையாளர்கள் எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவார்.

பிசியோதெரபி நிலையத்தில் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா கெட்டிக்காரி. பந்தை அமுக்கு, கயிற்றை இழு என்று சொல்லி அலுத்துப்போய், ஒரு நாள் நீளமான மரப்பலகை ஒன்றைத் தூக்கி அத்தை முன்னால் வைத்தாள். நிலையத்து வாசலில் நோயாளிகள் காத்திருக்க ஒரு பெஞ்சு கிடக்கிறது. அதன் சாய்மானம் உடைந்து வெகுநாளாகிறது. இந்தப் பலகையில் ஏதாவது வரைந்து கொடுங்கள், அதையே சாய்மானமாக மாட்டிவிடுகிறேன் என்றாள். அத்தை முதலில் சிரித்தார். அப்புறம் பலகையை வீட்டுக்கு எடுத்து வரச் சொன்னார்.

அந்த மழைக்காலம் முழுவதும் அத்தை அந்தப் பலகையோடுதான் இருந்தார். காலையில் சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியைப் பிடித்துக்கொள்வார். என் மகள், அவளை நாங்கள் வாலு என்றுதான் கூப்பிடுவோம், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். ஒரு மின்கம்பி, அதன் மேல் வரிசையாகப் பறவைகள். தொப்பை வைத்த கிளி. ஒரு கண் பெரிதும் ஒரு கண் சிறிதுமான ஆந்தை. யாரிடமோ சண்டை போட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்திருக்கும் காக்கை. பறவைகள் உட்கார்ந்திருந்த கம்பி பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடுங்கிக்கொண்டே போயிற்று. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அத்தை சொன்னார், "காத்தடிக்குது, அதான் கம்பி ஆடுது." நான் வாய்விட்டுச் சிரித்தேன். அத்தையும் சிரித்தார். உடம்பு விழுந்த பிறகு தன் கையைப் பற்றி அவரே ஒரு கிண்டல் பேசியது அதுதான் முதல் தடவை.

வாசல் பெஞ்சு என்பதால் வெயிலும் மழையும் நேராக மேலே விழும். மேலே நிறம் தெரியாத பூச்சு ஒன்று பூசாவிட்டால் கிளியும் ஆந்தையும் அடுத்த மழைக்குத் தாங்காது என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினாள். கடையில் கேட்டு எதையாவது வாங்கிப் பூசிவிடு என்றார் அத்தை. எதையாவது என்ற சொல்லே இவருக்குப் பிடிக்காது. கைபேசியைக் கையில் எடுத்தார்.

அடுத்த சில வாரங்கள் எங்கள் வீட்டில் வார்னிஷைத் தவிர வேறு பேச்சு இல்லை. எண்ணெய் வார்னிஷ் உறுதியானது, ஆனால் நாளாக ஆக மஞ்சள் தட்டும், வெள்ளைப் புறா பழுப்புப் புறாவாகிவிடும். வீட்டுக்குள் மேசை நாற்காலிக்கு அடிக்கும் லாக்கர் வெயிலில் செதில் செதிலாக உரியும். வெளியில் வைக்கும் மரத்துக்கென்றே வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சரக்கு கலந்தது வேண்டும். தண்ணீரில் கலந்த வகைதான் நல்லது, டப்பாவில் பால் மாதிரி இருக்கும், காய்ந்தால் கண்ணாடி. பளபளப்பு வேண்டாம், வெயிலில் கண் கூசும், மங்கல்தான் சரி. முன்பக்கம் மட்டும் பூசினால் போதாது, பின்பக்கமும் ஓரங்களும் பூசாவிட்டால் வெட்டுவாய் வழியாகத் தண்ணீர் ஏறும். இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டதல்ல, சாப்பாட்டுக்கு நடுவில் காதில் விழுந்தது. வார்னிஷைக் கரைத்துக் குடித்துவிட்டார் மனிதர்.

கடைசியில் பெயின்ட் கடைக்குப் போனபோது என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கல்லாவில் இருந்த அம்மாள் எந்த டப்பா வேண்டும் என்று கேட்பதற்குள் இவரே அவளுக்குப் பாடம் எடுத்தார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"படத்தை எதால வரைஞ்சிருக்காங்க?"

"பெயின்ட்தாங்க. வேற எதால வரைவாங்க?"

எதற்கும் ஒரு மூலையில் தொட்டுத் தடவிப் பார்த்துவிட்டு அப்புறம் முழுசாகப் பூசுங்கள் என்றாள் அவள். வெளியே வந்ததும் இவர் சிரித்தார். நாம் ஊரெல்லாம் விசாரித்துவிட்டு வந்திருக்கிறோம், இவள் நமக்கு மூலையைக் காட்டுகிறாள் என்றார். உண்மைதான், இவர் ஊரெல்லாம் விசாரித்தார். முன்பின் தெரியாத ஆட்கள் எங்கெங்கோ எழுதி வைத்ததையெல்லாம் படித்தார். அடுத்த அறையில் உட்கார்ந்திருந்த தன் அம்மாவை மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. எனக்கு அந்தப் பேச்சு எப்போது முடியும் என்றிருந்தது.

அத்தை என் நாத்தனார் வீட்டுக்குக் கொஞ்ச நாள் தங்கப் போயிருந்தார். திரும்பி வருவதற்குள் பூசி முடித்து அவரை அசத்திவிட வேண்டும் என்று இவருக்கு ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பின்கட்டில் செய்தித்தாள் விரித்து, பலகையைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, தூசியை ஈரமில்லாத துணியால் துடைத்து, புது பிரஷை எடுத்தார். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பார்த்தேன். ஆப்பரேஷன் செய்யும் டாக்டர் தோற்றார், அவ்வளவு பயபக்தி. பின்பக்கம் முடிந்தது. ஓரங்கள் முடிந்தன. காயவிட்டுத் திருப்பி, கிளியின் மேல் பிரஷை வைத்து ஒரே சீராக இழுத்தார்.

கிளியின் கண் கன்னத்தில் வழிந்தது.

முதலில் எங்களுக்குப் புரியவில்லை. பச்சை அப்படியே இருந்தது, சிவப்பு மூக்கும் அசையவில்லை. கறுப்புக் கோடுகள் மட்டும் கரைந்து, அடுப்புக்கரியைத் தண்ணீரில் தேய்த்தது போல இறங்கின. கண், இறகின் வரிகள், விரல்கள், எல்லாம். இவர் பதறிப்போய் துணியை எடுத்துத் துடைத்தார். துடைத்த இடமெல்லாம் சாம்பல் பூத்தது. துடைக்காதீர்கள் என்று நான் சொல்வதற்குள் துணி ஆந்தைக்குப் போய்விட்டது. கம்பி பலகையின் பாதிவரை காணாமல் போயிற்று.

வாலு கதவருகில் வந்து நின்றாள். பார்த்துவிட்டு, "அது என் ஸ்கெட்ச் பேனாப்பா" என்றாள்.

பிரஷ் மெல்லிய கோட்டுக்குப் படியவில்லையாம். கை ஒரு பக்கம் இழுத்தால் பிரஷ் ஒரு பக்கம் வளைந்ததாம். ஸ்கெட்ச் பேனா கெட்டியாக இருந்ததால் பிடிக்க வந்ததாம். பாட்டி கறுப்புப் பேனாவைத் தீர்த்துவிட்டு அவளுடைய சிநேகிதியின் பேனாவையும் வாங்கித் தீர்த்தாராம். யாரும் மறைக்கவில்லை. எங்கள் சாப்பாட்டு மேசையில், எங்கள் கண்ணெதிரே நடந்த காரியம். நாங்கள்தான் பார்க்கவில்லை.

இவர் செய்தித்தாளின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கையெல்லாம் சாம்பல். பார்க்கப் பாவமாக இருந்தது. அத்தைக்கு உடனே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள் என்றேன். அம்மா மனசு உடைந்துவிடும் என்றார். உடையட்டும், சொல்லுங்கள் என்று நான் அப்போது இன்னொரு தடவை சொல்லியிருக்க வேண்டும். நான் பிரஷை வாங்கிக்கொண்டுபோய்க் கழுவினேன்.

மறுநாள் மாலை கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவர் ஒருவரை இவர் வீட்டுக்கு அழைத்து வந்தார். பலகையை இழைத்து வெள்ளையடித்து அதே படத்தைத் திரும்ப வரைந்துவிட வேண்டும், அவ்வளவுதான் விஷயம். நல்லவேளையாக இவர் கைபேசியில் படம் பிடித்து வைத்திருந்தார். நல்லவேளை என்று அன்றைக்கு நினைத்தோம். அந்த மனிதர் கைபேசியை வாங்கி, படத்தை விரித்து விரித்துப் பார்த்தார். நான் டீ கொண்டுபோய் வைத்தேன். அப்போதுதான் கேட்டார்.

"இந்தக் கம்பி இப்படியேதான் வேணுமா, இல்ல நேரா போட்டுடவா?"

இவர் ஒரு நிமிடம் யோசித்தார். "நேராவே போட்டுடுங்க. பாக்கறவங்களுக்கு நல்லா இருக்கட்டும்" என்றார்.

நான் தட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயேதான் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைவிடக் கேவலம், எனக்கும் அதுவே சரி என்று பட்டது. ஊர் பார்க்க வாசலில் மாட்டுவது, கொஞ்சம் லட்சணமாக இருந்தால் என்ன என்றுதான் நினைத்தேன்.

நேராகவே வந்தது. கிளிக்குத் தொப்பை கரைந்துவிட்டது. ஆந்தைக்கு இரண்டு கண்ணும் ஒரே அளவு. காக்கை மற்றவர்களோடு சமாதானமாகி வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டது. அதன் மேல் இவர் தானே கிளியர் பூசினார், மெல்லிசாக, ஒரு கை காய்ந்த பின் அடுத்த கை. ஒரு குமிழி இல்லை, ஒரு பிரஷ் தடம் இல்லை. இவ்வளவு நாள் படித்த படிப்பெல்லாம் அன்றைக்குத்தான் பலித்தது. பலகை காய்ந்ததும் நேரே நிலையத்துக்குக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தார். அத்தைக்குப் போனில், அவங்க அவசரப்படுத்தினாங்கம்மா, மாட்டியாச்சு, பிரமாதமா இருக்கு என்றார். போனின் அந்தப் பக்கம் அத்தை சிரித்தது எனக்குக் கேட்டது. நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

அத்தை வந்ததும் நாங்கள் மூன்று பேரும் நிலையத்துக்குப் போனோம். கிளம்பும்போது அத்தை தன் கடையில் தானே தைத்த ரவிக்கையை எடுத்துப் போட்டுக்கொண்டார். முந்தானையைத் தோளில் ஒதுக்கிவிட்டார். வலது கை வெளியே தெரிந்தது. மறைக்கவில்லை. காரில் வரும் வழியெல்லாம் அந்த டாக்டரம்மா என்ன சொல்வாள், யாராவது கிளி மேல் சாய்ந்து உட்கார்ந்தால் கிளிக்கு மூச்சு முட்டுமே என்று சின்னப்பிள்ளை மாதிரி பேசிக்கொண்டு வந்தார். இவர் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு ம், ம் என்றார்.

நாங்கள் இறங்கியபோது டாக்டரம்மா வாசலிலேயே நின்றாள். அத்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கை இவ்வளவு தேறிவிட்டதா, எனக்கே தெரியாமல் என்ன பயிற்சி செய்தீர்கள் என்று கேட்டாள். காத்திருந்த நோயாளிகள் எழுந்து வழிவிட்டார்கள். ஒருவர் கைதட்டக்கூடச் செய்தார்.

அத்தை பெஞ்சைப் பார்த்தார். சிரித்த முகத்தோடுதான் கிட்டே போனார். குனிந்தார். இடது கை விரலைக் கம்பியின் மேல் வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். விரல் முனையைத் தொட்டதும் நிமிர்ந்தார். திரும்பி இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை. தெரியாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவர் மாதிரி ஒரு முழி. முந்தானையைத் தோளிலிருந்து இறக்கி வலது கையை மூடிக்கொண்டார்.

 நின்ற இடத்திலேயே மண்ணுக்குள் போய்விட்டால் தேவலை என்றிருந்தது. இத்தோடு முடிந்திருந்தால்கூட ஏதோ சமாளித்திருப்போம்.

பெஞ்சின் ஓரத்தில் ஒரு மனிதர் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். ஆஜானுபாகுவான ஆள், லாரி ஓட்டியவராம். வலது கை மடியில் செத்த மாதிரி கிடந்தது. சிகிச்சைக்குப் புதிதாக வந்தவர், பயிற்சி எதுவும் செய்யமாட்டேன் என்று அடம் பிடிக்கிறாராம். டாக்டரம்மா அவரிடம் பலகையைக் காட்டி, பாருங்கள், உங்களுக்கு வந்த அதே வியாதிதான், அதே கைதான், இந்த அம்மா வரைந்தது இது என்றாள். அவர் திரும்பிப் பலகையை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் மனைவியிடம் பேசினார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"பாத்தியா? வர்றவங்களுக்கு இப்படி வந்துடுது. எனக்கு ஒரு கோடு இழுத்தா அது எங்கேயோ போகுது. எனக்கு வராது. என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு."

அந்த அம்மாள் அத்தையை அண்ணாந்து பார்த்தாள். நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன் என்ற பார்வை. வாசலில் இருந்த அத்தனை பேரும் அத்தையைத்தான் பார்த்தார்கள்.

சொல்லியிருக்கலாம். தினமும் பயிற்சி செய்தால் வந்துவிடும் என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். பெற்ற பிள்ளையின் மானமும் காப்பாற்றப்பட்டிருக்கும், தனக்கும் ஒரு மாலை மரியாதை. நான் அதைத்தான் எதிர்பார்த்தேன், வெட்கத்தைவிட்டுச் சொன்னால் அதைத்தான் வேண்டிக்கொண்டேன்.

அத்தை டாக்டரம்மாவின் கையிலிருந்த, தாள் செருகிய அட்டையையும் பேனாவையும் வாங்கினார். அந்த மனிதர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். முந்தானைக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்து, இடது கையால் அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பேனாவை நடுவில் செருகினார். தாளின் மேல் ஒரு கோடு இழுத்தார். பேனா நடுங்கியது, நின்றது, எகிறியது, மறுபடி ஊர்ந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. தாளின் கடைசிக்குப் போய்ச் சேருவதற்குள் நெற்றியில் வேர்த்துவிட்டது. 

"இதுதாங்க என் கை. பலகையில இருக்கறது என் கை இல்ல."

லாரிக்காரர் அட்டையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். "இந்த மாதிரின்னா எனக்கும் வரும்" என்றார், தயங்கித் தயங்கி. அவர் மனைவி அழுதுவிட்டாள்.

அப்போ அந்தப் படத்தை யார் வரைந்தது என்று டாக்டரம்மா கேட்டாள். கேட்டதில் தப்பில்லை. அத்தை எனக்குத் தெரியாதும்மா என்றார். நீங்கள் வரைந்த பலகை எங்கே, எனக்கு அதுதானே வேண்டும் என்றாள் டாக்டரம்மா. அது இப்போ இல்லம்மா என்றார் அத்தை. டாக்டரம்மாவின் பார்வை மெதுவாக இவர் பக்கம் வந்தது. பலகையைக் கொண்டுவந்து மாட்டியவர் இவர்தானே. இவர் முகத்தில் ஈயாடவில்லை. கார் சாவியைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து, உள்ளே போட்டு, மறுபடி எடுத்தார்.  கைதட்டிய மனிதர் தன் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார். மருமகள் என்று நானும் ஒருத்தி அங்கே நின்றேன், செருப்பைப் பார்த்துக்கொண்டு.

திரும்பும்போது அத்தை முன் சீட்டில் ஏறவில்லை. பின்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தார். காரில் போகும்போதெல்லாம் அவருடைய வலது கையை என் மடியில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிடுவது என் வழக்கம். அன்றைக்கும் வைத்தார். நீவினேன். விரல்கள் ஜில்லென்று இருந்தன. கோடு இழுத்த களைப்பில் கட்டைவிரல் தானாகத் துடித்தது.

 சிக்னலில் நின்றபோது இவரே ஆரம்பித்தார். பூச்சில் கோடு கரைந்துவிட்டது, ஸ்கெட்ச் பேனா என்று தெரியாது, உன் மனசு கஷ்டப்படக் கூடாதென்றுதான் ஆள் வைத்து அதேபோல வரையச் சொன்னேன் என்று ஒரே மூச்சில் சொன்னார். அத்தை கேட்டுக்கொண்டார். கரைந்துபோனது போகட்டும், மை கரையாமல் என்ன செய்யும் என்றார். அதற்காக அவர் வருத்தப்பட்ட மாதிரியே தெரியவில்லை. எனக்குச் சற்று உயிர் வந்தது. அப்புறம் கேட்டார்.

"கம்பியை நேராக்கினது யாரு? அந்த போர்டுக்காரரா, நீயா?"

இவர் கண்ணாடியில் அம்மாவைப் பார்க்கவில்லை. வண்டியை நகர்த்தி, ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "அவரேதாம்மா போட்டுட்டாரு. நான் அப்புறம்தான் கவனிச்சேன்" என்றார்.

பொய் சொல்ல இவருக்கு வராது. காது மடல் சிவந்துவிடும். பின்னாலிருந்து பார்க்க எனக்கு அது நன்றாகத் தெரிந்தது, பெற்றவளுக்குத் தெரியாமல் இருக்குமா? அத்தை என் பக்கம் திரும்பினார். பார்த்தார், அவ்வளவுதான். என் கைக்குள் அவர் கட்டைவிரல் துடித்துக்கொண்டே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பொய்க்கும் உடந்தையாக இருக்க என்னால் முடியவில்லை.

"அவர் கேட்டாரு அத்தை, கம்பி இப்படியே வேணுமா, நேரா போடவான்னு. நேரா போடுங்கன்னு இவர்தான் சொன்னாரு. நானும் பக்கத்துலதான் நின்னேன். எனக்கும் அதுதான் நல்லாருக்கும்னு தோணுச்சு."

கார் ஒரு குலுக்குக் குலுக்கி நடுரோட்டிலேயே நின்றது. இவர் ஸ்டீயரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. நாற்பதைத் தாண்டிய மனிதர் அழுவதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்புறம்தான் அத்தை பேசினார். குரல் உயரவே இல்லை.

"கை இப்படி ஆனப்போ ஊருக்கு முன்னாடிதான் வெட்கமா இருந்துச்சு. வீட்டுக்குள்ள இல்ல. உங்க முன்னாடி இருந்ததே இல்ல."

இவர் நிமிரவில்லை. அம்மா என்று மட்டும் சொன்னார்.

 அத்தை என் மடியில் கிடந்த தன் வலது கையை இடது கையால் மணிக்கட்டில் பிடித்துத் தூக்கி, தன் மடியில் வைத்து, அதன் மேல் முந்தானையை இழுத்து மூடினார். பிறகு, பின்னால் வண்டிகள் நிற்கின்றன, வண்டியை எடுக்கச் சொல் என்று என்னிடம் சொன்னார்.